மருந்தே இல்லாத புழு ஒழிந்தது! மருந்து உள்ள புழு ஒழியவில்லை!

திருவெறும்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 'பெல்' தொழிற்சாலை ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு எறும்பீசுவரர் மலைக்கோவில் ஞாபகம் வரும்.

தஞ்சாவூர் ரோட்டில் பஸ்சில் போகிறவர்கள் மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தாரகாசுரனின் கொடுமை தாங்காத தேவர்கள், அவன் கண்ணில் படாமல் சிவனைப் பூசிக்க எறும்பு உருவம் எடுத்து இங்கே வந்தார்கள் என்பது தலபுராணம். எறும்புகள் வழுக்காமல் ஏறுவதற்கு வசதியாக லிங்கமே சாய்ந்து கொடுத்தது என்பார்கள்.

உருவம் சின்னதாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். தேவர்களுக்குத் தெரிந்த இந்தத் தந்திரம் வேறு சில ஜந்துக்களுக்கும் தெரியும்.

அவை கோவிலுக்குள் நுழைவது இல்லை. மனுஷன் உடம்புக்குள் நுழைகின்றன!

வாடகை தராத குடித்தனம்

இந்த ஜந்துக்களை 'ஒட்டுண்ணிகள்' என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஒட்டிக்கொண்டு உண்பவை. வாடகையும் கிடையாது. சாப்பாட்டுக்குக் காசும் கிடையாது. வீட்டுக்காரர் இளைப்பார். குடித்தனக்காரர் கொழுப்பார்.

பேன் தலைமுடியில் குடித்தனம் நடத்தும். சிரங்குப் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டை வைக்கும். யானைக்கால் புழு கொசு மூலம் வந்து நிணநீர்க் குழாய்களை அடைத்துக்கொள்ளும். ஆனால் பெரிய கூட்டம் குடியிருப்பது வயிற்றில்தான்.

அங்கே இருப்பவர்களில் பெரியவர், நாக்குப் பூச்சி என்று வீடுகளில் சொல்லப்படும் உருண்டைப் புழு. ஏறக்குறைய ஓரடி நீளம் வளரும். ஒரே ஒரு பெண் புழு நாள் ஒன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை போடும். வெளியே வந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். கழுவாத கேரட்டில், விளையாடிய கையில், ஈ மொய்த்த பண்டத்தில் ஒட்டிக்கொண்டு மறுபடி வயிற்றுக்கு வந்து சேரும்.

அடுத்தவர் கீரிப்பூச்சி. வெள்ளை நூல் துண்டு போல இருக்கும். ராத்திரி நேரம் பார்த்து வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டை போடும். பிள்ளை தூக்கத்தில் சொறியும். முட்டை நகக் கண்ணில் ஏறும். விடிந்ததும் அதே விரல் வாய்க்குப் போகும். பிறகு படுக்கை விரிப்பு, துண்டு, கதவுத் தாழ்ப்பாள் என்று வீடு முழுக்கப் பரவும். ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, "போன மாசம்தானே கொடுத்தோம், மறுபடியும் வந்துடுச்சே" என்று தாய்மார்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து சாப்பிட வேண்டும். 2 வாரம் கழித்து இன்னொரு தடவையும் சாப்பிட வேண்டும்.

மூன்றாவது ஆசாமி நாடாப்புழு. மீட்டர் கணக்கில் நீளும். சரியாக வேகாத பன்றி இறைச்சி மூலம் குடலுக்கு வருவது ஒரு ரகம். குடலில் இருக்கிற வரை பெரிய தொந்தரவு இல்லை. ஆபத்து அதன் முட்டையில் இருக்கிறது. அந்த முட்டை சாப்பாட்டிலோ தண்ணீரிலோ கலந்து ஒருவர் வயிற்றுக்குள் போனால், அதில் இருந்து வரும் குஞ்சு ரத்தத்தோடு மூளைக்குப் போய் கட்டியாகத் தங்கிவிடும். திடீரென்று வலிப்பு வரும்.

"நான் சுத்த சைவம், எனக்கு எப்படி வரும்?" என்று கேட்கக் கூடாது. முட்டையைப் போடுகிறவர் வேறு ஒருவர். அவர் கை கழுவாமல் பரிமாறினால் சைவருக்கும் வரும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்!

இத்தனை பேரிலும் சத்தம் போடாமல் வேலை செய்பவன் கொக்கிப் புழு. அளவு ஒரு நெல்மணி நீளம்தான். குடல் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ரத்தம் உறிஞ்சுவான்.

நம் பக்கத்தில் அதிகம் இருக்கும் ரகம், ஒரு புழுவுக்கு நாள் ஒன்றுக்கு 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். இது ஒரு அளவா என்று தோன்றும். ஒருவர் வயிற்றில் 100 புழுக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 3 மில்லி. மாதத்துக்கு 90 மில்லி. டீக்கடைக் கிளாசில் ஒரு கிளாஸ் ரத்தம், மாதாமாதம்! இன்னொரு பெரிய ரகம் உண்டு. அது ஒரு நாளைக்கு 0.2 மில்லி வரை குடிக்கும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. இங்கே தேய்வது மனுஷன்.

வலி கிடையாது. காய்ச்சல் கிடையாது. நாக்கு வெளுக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆபீசில் பைலைத் திறந்தால் கண் சொருகும். பள்ளிக்கூடத்தில் பிள்ளை தூங்கி வழியும். வாத்தியார் 'மக்கு' என்பார். "மூணு வேளையும் சாப்பிடுறான், சாப்பிட்டதெல்லாம் எங்கேதான் போகுதோ" என்று தாய் புலம்புவாள். ஏற்கனவே ரத்தம் குறைந்த கர்ப்பிணிப் பெண்ணாக இருந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

கை மேல் சிந்திய துளி

கொக்கிப் புழு வாய் வழியாகத்தான் வருகிறது என்று டாக்டர்களே ஒரு காலத்தில் நினைத்தார்கள். அந்த நினைப்பை மாற்றியது ஒரு விபத்து.

எகிப்தில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கொக்கிப் புழுவைப் பற்றி ஆராய்ந்துகொண்டு இருந்தார். புழுக் குஞ்சுகள் இருந்த தண்ணீர் தவறுதலாக அவர் கையில் சிந்தியது. அந்த இடம் சிவந்தது. அரித்தது. தண்ணீரைப் பார்த்தார். குஞ்சுகளைக் காணோம். வெறும் மேல்தோல்தான் கிடந்தது. சில வாரங்கள் கழித்துத் தன் மலத்தையே சோதித்தார். அதில் கொக்கிப் புழு முட்டை! 1898-ல் இதை அவர் வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. பிறகு எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியது ஆயிற்று.

அது வரும் வழி இதுதான். புழு இருக்கிறவர் வெட்டவெளியில் மலம் கழிக்கிறார். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் முட்டை பொரிகிறது. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு தயார். மூன்று, நான்கு வாரம் வரை அது மண்ணில் காத்திருக்கும். வெறுங்காலோடு யாராவது மிதித்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலை அடையும்.

காலில் கொஞ்சம் அரிக்கும். சேற்றுப்புண் என்று நினைத்து எண்ணெய் தடவிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஈரமும் நிழலும் எங்கே இருக்கும்? காவிரிப் பக்கத்து ஆட்களிடம் கேட்கவா வேண்டும்? பேட்டைவாய்த்தலையில் பிரிந்து வாழவந்தான்கோட்டை வரை போகிறது உய்யக்கொண்டான் வாய்க்கால். வாய்க்கால் கரை, வாழைத்தோப்பு, வயல் வரப்பு எல்லாம் சோறு போடும் இடங்கள். அங்கே யாராவது 'ஒதுங்கினால்', அதே இடம் புழுவுக்கும் நாற்றங்கால்.

திருச்சியில் இருந்து இலங்கைக்குப் போன புழு

இந்தப் புழுவுக்கும் திருச்சிக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு.

வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்து அனுப்பிய 'சிலோன் லேபர் கமிஷன்' தலைமை அலுவலகம் திருச்சியில்தான் இருந்தது. திருச்சி, சேலம், தஞ்சாவூர், ராமநாதபுரம் கிராமங்களில் இருந்து கங்காணிகளோடு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கையில் ஒரு மூட்டை. வயிற்றில் இன்னொரு மூட்டை.

தோட்டத்து மண்ணில் மழையும் ஈரமும் எந்நேரமும் உண்டு. கொக்கிப் புழு கொழித்தது. ரத்தம் சுண்டிய தொழிலாளிகளால் வேலை செய்ய முடியவில்லை. அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் 1916-ல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. கப்பல் ஏறுவதற்கு முன்பே மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்துப் பூச்சி மருந்து கொடுக்கும் வழக்கமும் வந்தது. கீனோப்போடியம் எண்ணெய் என்ற நாற்றம் பிடித்த மருந்து. அதன் மேல் பேதி உப்பு.

புழு செத்தது. ஆனால் கதை முடியவில்லை. மருந்து சாப்பிட்ட தொழிலாளி லயத்துக்குத் திரும்பினார். லயத்தில் கக்கூஸ் இல்லை. கட்டுவதற்குச் செலவு ஆகும் என்று தோட்ட நிர்வாகங்கள் பல தயங்கின. அதே தேயிலைப் புதர், அதே ஈர மண், அதே வெறுங்கால். சில மாதங்களில் புழு பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

இதெல்லாம் நடந்து 100 வருடம் ஓடிவிட்டது. கொக்கிப் புழு இன்னும் இருக்கிறது.

நரம்பும் இல்லை, சிலந்தியும் இல்லை

இனி மற்றொரு புழுவின் கதை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். 'நரம்புச் சிலந்தி' என்றால் அவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அது நரம்பும் இல்லை, சிலந்தியும் இல்லை. புழுதான். படி இறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணற்றிலும் குளத்திலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நீர்ப்பூச்சி இருக்கும். அதன் வயிற்றில் புழுக் குஞ்சு இருக்கும். தண்ணீரோடு குடித்தால் ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் வரும். எரிச்சல் உயிர் போகும். கொப்புளம் உடைந்து வெள்ளைக் கயிறு போல ஒரு புழு தலை நீட்டும். நீளம் ஒரு மீட்டர் வரை!

இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி தினம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அறுவடை நேரத்தில் ஊரே படுத்துக் கிடக்கும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு லட்சக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். மறுபடி முதலில் இருந்து!

இதற்குத் தடுப்பூசி கிடையாது. மருந்தும் கிடையாது. இன்று வரை கிடையாது.

அப்படியானால் எப்படி ஒழிந்தது?

வேட்டித் துணியால் ஒழிந்தது. குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். நீர்ப்பூச்சி துணியிலேயே நின்றுவிட்டது. படிக்கிணறுகளை மூடினார்கள். அடிபம்பு போட்டார்கள். தண்ணீரில் பூச்சியைக் கொல்லும் மருந்து ஊற்றினார்கள். புழு வெளியே வந்த ஆள் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

1980-களின் தொடக்கத்தில் தேசிய ஒழிப்புத் திட்டம் ஆரம்பித்தபோது நோய் இருந்த 7 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தமிழ்நாட்டில் 1980-களிலேயே ஒழிந்தது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் பதிவானார். 2000-ல் இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. 1986-ல் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், சமீப வருடங்களில் வருடத்துக்கு 15 பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

மருந்தே இல்லாத புழு போய்விட்டது. 100 வருடமாக மருந்து உள்ள புழு போகவில்லை. ஏன்?

விஷயம் எளிது. நரம்புச் சிலந்தி விஷயத்தில் வாசலை அடைத்தார்கள். கொக்கிப் புழு விஷயத்தில் குடித்தனக்காரனை வெளியே தள்ளினார்கள், வாசலைத் திறந்தே வைத்தார்கள்!

மாத்திரை ஒரு நாள், மண் வருடம் முழுக்க

மாத்திரை வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கட்டாயம் வேண்டும்.

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-ல் தொடங்கியது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2 வயது வரை அரை மாத்திரை. அதற்கு மேல் முழு மாத்திரை. நன்றாகச் சப்பி மென்று சாப்பிட வேண்டும். அன்றைக்குக் காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. விடுபட்டவர்களுக்குச் சில நாள் கழித்து இன்னொரு நாள் கொடுப்பார்கள்.

தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரை உள்ள பெண்களையும் இதில் சேர்த்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் முகாமில் கொடுப்பது இல்லை. அவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். முதல் 3 மாதம் கூடவே கூடாது.

ஆனால் கொக்கிப் புழு பிள்ளைகளை விடப் பெரியவர்களிடம்தான் அதிகம். வயலில் இறங்குபவர்கள் அவர்கள்தானே? பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்காமல் ஊரில் எல்லோருக்கும் கொடுத்தால் சங்கிலி அறுமா என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 2017-ல் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் பெரிய ஆராய்ச்சியில் இறங்கினார்கள்.

மாத்திரை அன்றைக்கு வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். நாளைக்குக் காலில் ஏறப் போகும் புழுவை ஒன்றும் செய்யாது. அதைத் தடுப்பது செருப்பு. அதை விடப் பெரியது கக்கூஸ்.

திருச்சிக்கு 2 பத்மஸ்ரீ

'கக்கூஸ்' என்றால் மூக்கைப் பொத்துகிறவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலை அடைக்கும் வேலையில் திருச்சிக்காரர்கள் சளைத்தவர்கள் இல்லை.

2021-ல் பத்மஸ்ரீ பட்டம் வாங்கிய சுப்புராமன் திருச்சிக்காரர். 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனத்தை நடத்துபவர். 2022-ல் பத்மஸ்ரீ வாங்கிய தாமோதரனும் திருச்சிக்காரர். 'கிராமாலயா' தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். இரண்டு பேரும் பட்டம் வாங்கியது கக்கூஸ் கட்டியதற்காக!

திருச்சி நகரத்தில் குடிசைப் பகுதிகளில் இருந்த பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் எடுத்து நடத்தின. சில்லறைக் காசு வாங்கினார்கள். அந்தக் காசில் தண்ணீர், விளக்கு, பினாயில், கூட்டுகிறவருக்குச் சம்பளம். நாற்றத்துக்குப் பயந்து வெட்டவெளிக்குப் போனவர்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். இதைப் பார்க்க வெளிநாட்டில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

முசிறியில் நடந்தது அதை விட வேடிக்கை. காசு கொடுத்துப் போகும் கக்கூஸ் எல்லா ஊரிலும் உண்டு. முசிறியில் போனவருக்குக் காசு கொடுத்தார்கள்! மலம், சிறுநீர் இரண்டும் தனித்தனியாகச் சேரும் கக்கூஸ் அது. சிறுநீர் வாழைக்கு உரமாயிற்று. மலத்தை சாம்பல் போட்டு மாதக்கணக்கில் மூடிக் காயவிட்டால் எருவாகும். அப்படிக் காய்ந்தால் புழு முட்டை பிழைப்பது கஷ்டம். புழுவின் சங்கிலி அங்கே அறுகிறது.

இனிப்பும் பூச்சியும்

இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். இனிப்பில் இருந்து பூச்சி வராது. இனிப்பைத் தொட்ட கையில் இருந்து வரும். மிட்டாயைப் பிடுங்குவதை விட நகத்தை வெட்டுவது மேல்.

வேப்பங்கொழுந்தும் விளக்கெண்ணெயும் போதும் என்று இருந்துவிடவும் கூடாது. விளக்கெண்ணெய் வயிற்றைக் கழுவும். குடலைக் கவ்விப் பிடித்திருக்கும் கொக்கிப் புழு அதற்கு அசையாது.

வெளுத்த நாக்கு, மூச்சு வாங்குதல், அசதி இருந்தால் டானிக் பாட்டிலைத் தேட வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தத்தையும் மலத்தையும் சோதித்துப் பார்க்கலாம். மலம் கொண்டுபோய்க் கொடுக்க வெட்கப்பட்டுத்தான் பலர் வருடக்கணக்கில் புழுவுக்குச் சோறு போடுகிறார்கள்.

கக்கூஸ் போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சாப்பிடும் முன் கழுவுவது, காய்கறியை நல்ல தண்ணீரில் அலசுவது, தோட்டத்தில் இறங்கினால் செருப்புப் போடுவது. சமாசாரம் அவ்வளவுதான். இதில் எதற்கும் டாக்டர் பீஸ் கிடையாது.

எறும்பீசுவரர் மலைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் படி ஏறுகிறார்கள். அது பக்தி. இறங்கி வந்ததும் மறக்காமல் மாட்டிக்கொள்ள வேண்டும். அது புத்தி!